முந்நூற்று அறுபதைக் கழித்தவன்

கம்ப்யூட்டருக்கு சைன், காஸ் கணக்கு எழுதுவதைப் போல நன்றிகெட்ட வேலை கிடையாது. சரியாக வந்தால் மெஷினுக்குப் பேர், தப்பாக வந்தால் நமக்குத் திட்டு. எண்பதுகளில் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் மெஷினுக்குத் தானாக சைன் போடத் தெரியாது, அதற்கான புரோகிராமை நாமே எழுத வேண்டும். சீனியர் பதவி ஒன்று காலியாக இருந்தது. எனக்குத்தான் என்றிருந்தேன், எனக்குப் பின்னால் சேர்ந்த கதிரேசன் குறுக்கே வரும்வரை. வயிறெரிந்து பழகியவர்கள் மேலே படிக்கலாம்.

ஒன்றைத் தாண்டிய சைன்

ஒத்தக்கடையில் பிளாட் அளந்த சர்வேயர் ஒருவர் கோணங்களைக் கொண்டுவந்தார். கல்லுக்குக் கல் திரும்பிய கோணத்தைக் கூட்டிக்கொண்டே போவார். முழுச் சுற்று வந்தாலும் 360-ஐக் கழிக்க மாட்டார். கடைசிக் கல்லில் ஆயிரத்து நூற்றைம்பது டிகிரி. என் புரோகிராம் அதை அப்படியே வாங்கி, கோடிக்கணக்கில் வீங்கிய எண்களைக் கூட்டிக் கழித்து, கடைசி இலக்கங்களைத் தொலைத்துவிட்டு, சைன் 3.8 என்று அச்சடித்தது. அவர் தாளைத் திருப்பி நீட்டினார்.

"தம்பி, சைன் ஒண்ணைத் தாண்டாதுன்னு எம் மக புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க எந்தப் புத்தகம் படிச்சீங்க?"

கதிரேசனின் ஒரு வரி

டிகிரியை மெஷின் கணக்குக்கு வேண்டிய ரேடியன் அளவுக்கு மாற்றிய பிறகு சுற்றுக்கு இரண்டு பை (π) வீதம் கழித்துப் பார்த்தேன். அவசரத்தில் இரண்டு பைக்கு 6.28 என்று போட்டுவிட்டேன். சுற்றுக்குச் சுற்று பிழை சேர்ந்து, எல்லைக்கல் மூன்றடி தள்ளிப் பக்கத்து பிளாட்டுக்குள் விழுந்தது. கதிரேசன் ஒரே வரி சேர்த்தான்: டிகிரியாக இருக்கும்போதே 360-ஐக் கழி. கல் சரியாக உட்கார்ந்தது. மானேஜர் அவன் முதுகில் தட்டினார். எனக்குப் பொறாமையில் காது சுட்டது. அவனோ எனக்கே விளக்கம் சொன்னான்.

"360 முழுசா இருக்குண்ணே, பைதான் புள்ளிக்குப் பின்னால முடியவே முடியாத சனியன். அதைத் தொடுறதுக்கு முன்னாடியே கழிச்சுட்டா சோலி முடிஞ்சுதுல்ல?"

எட்டாவது இடத்துப் பிசிறு

அவன் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம், அரை அரை டிகிரியாக, அட்டவணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரி. கடைசியில் மாட்டியது: 180 டிகிரிக்குப் பூஜ்யம் வராமல், புள்ளிக்குப் பின் எட்டாவது இடத்தில் ஒரு பிசிறு! ஒரு கட்டுத் தாளோடு மானேஜரிடம் ஓடினேன். கதிரேசன் வந்து பார்த்தான், பத்தே நிமிடத்தில் அதையும் சரிசெய்தான். மானேஜர் என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஏப்பா, நீ இம்புட்டு குடைஞ்சும் இந்தத் தூசிதான் கிடைச்சுதுன்னா, சீனியர் போஸ்ட்டை அவனுக்கே குடுத்துரலாம்ல?"

பொறாமையில் பார்க்கிற வேலை அப்பழுக்கில்லாமல் இருக்கும், என்ன, பலன் மட்டும் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும்.