பழனிச் சுரங்கமும் ஒரு தகரப் பலகையும்

எங்கள் கேரட் வயலின் மூலையில் செங்கல்லால் கட்டிய பழைய தூண் ஒன்று நிற்கிறது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதன் அடியிலிருந்து பழனி வரைக்கும் சுரங்கம் போகிறது என்ற செய்தியை உலகுக்கு அறிவித்தவர் என் மாமா.

கொடைக்கானலுக்கு வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளாவரை கிராமம் வரைக்கும் சுற்றிக்காட்டுவது அவர் தொழில். நான் நாலாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் மூடுபனி இறங்கி, வண்டி எங்கள் வயலருகே நின்றுவிட்டது. எதையும் பார்க்க முடியாத கோபத்தில் இருந்தவர்களுக்குக் காட்ட மாமாவிடம் அந்தத் தூண் ஒன்றுதான் இருந்தது. சுரங்கம், புதையல், அதை ஒளித்துவைத்த வெள்ளைக்காரத் துரை என்று ஐந்தே நிமிடத்தில் கதை தயாராகிவிட்டது. ஒருவர் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் எங்கள் வயலில் திருவிழாக் கூட்டம். கேரட் பிடுங்கப் பத்து நாள்தான் இருந்தது. வந்தவர்கள் பாத்திகளை மிதித்துத் துவைத்தார்கள். ஒருவர் கடப்பாரையோடே வந்திருந்தார். அம்மா மாமாவை இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"அது நான் சும்மா அடிச்சுவிட்டதுங்க" என்றார் மாமா.

கடப்பாரைக்காரர் அவரைப் பரிவோடு பார்த்தார். "யாருண்ணே உங்கள மிரட்டுனது? பயப்படாமச் சொல்லுங்க."

நானோ சுரங்கத்தின் கட்சி. பள்ளிக்கூடத்தில் என் மதிப்பு உயர்ந்ததே அதனால்தான்.

"உள்ள நாகப்பாம்பு கெடக்குன்னு போர்டு வச்சிரலாம்க்கா. ஒரு பய வரமாட்டான்" என்று மாமா யோசனை சொன்னார்.

"ஏலே, ஒரு பொய்க்கே பாதி வயலு போச்சு. இன்னொண்ணா?"

அம்மா நாலு நாள் மற்ற சோலியை விட்டுவிட்டு விசாரித்துத் திரிந்தாள். தூணின் அடியில் இருந்த ஓட்டைக்குள் கைவிட்டால் விரலெல்லாம் கரி. பக்கத்து வயல்காரர், உழும்போது கிடைத்த அடுப்புக் கற்களைக் காட்டினார். எங்கள் நிலத்தின் பழைய பத்திரத்தில் 'தைலக் கொட்டகை' என்று ஒரு சொல் இருந்தது. பிறகு ஒரு தகரப் பலகையில் பெயிண்டால் எழுதி நட்டாள்: 'இது தைலமர இலை காய்ச்சிய அடுப்பின் புகைபோக்கி. வெள்ளைக்காரர் காலத்தது. உள்ளே கரி இருக்கிறது, டார்ச் தருகிறோம், பார்க்கலாம். சுரங்கத்துக்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. மேலும் தெரிந்தவர்கள் வீட்டில் வந்து சொல்லவும்.'

பலரும் டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்து, ஆளுக்கு ஒரு கட்டு கேரட் வாங்கிக்கொண்டு போனார்கள். கடப்பாரைக்காரர் மட்டும், "பாருங்க, மறைக்கிறதுக்கு போர்டே வச்சுட்டாங்க" என்று பலகையையும் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு வாரம் கழித்து, கிளாவரை பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வெள்ளக்காரன் எங்க தாயி கட்டுனான்? அவன் போன பொறகு எங்கப்பா கட்டுனது. நாந்தான் செங்கல் சொமந்தேன்."

"அதுக்கு எதாச்சும் அடையாளம் இருக்குங்களாய்யா?" அம்மா மரியாதையாகத்தான் கேட்டாள்.

"பின்பக்கம் அடியில பாசியச் சொரண்டிப் பாரு. ஈரச் சாந்துல எங்கப்பா என் கைய வச்சு அமுக்குனாரு."

அம்மா சுரண்டினாள். பாசிக்கு அடியில் ஐந்து சின்ன விரல்கள். அவருடைய வயதைக் கேட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தவள், அவர் பிறந்ததே வெள்ளைக்காரன் போன பிறகுதான் என்று தெரிந்ததும் கைகொட்டிச் சிரித்துவிட்டாள். மாமாவைக் காபி போட விரட்டினாள். பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, 'வெள்ளைக்காரர் காலத்தது' என்பதன் குறுக்கே கோடு கிழித்து, பெரியவர் சொன்னதைப் பக்கத்தில் எழுதினாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. சுரங்கக்காரர்கள் ஒரு வார்த்தையைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. அம்மாவோ ஊரறியத் திருத்தியிருக்கிறாள். அவள் தோற்றுவிட்டாள் என்றே முடிவு செய்தேன். சாயங்காலம், அந்தக் கோடு தெரியாதபடி ஈரமண்ணைக் குழைத்து அப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளனே பார்த்தால், அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சேலைத் தலைப்பால் அந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தப்பாக எழுதிவிட்டு இவளுக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று விளங்காமல் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.