அண்ணாந்து போட்ட வெல்டிங்

கோஜே தீவின் கப்பல் தளத்துப் பயிற்சிக் கூடத்தில் நானும் கும்ஹீயும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மணவிலக்குக்குப் பிறகு, பன்னிரண்டு வயது மகள் செபோம் பூசானில் அப்பாவோடு இருந்தாள். மாதம் இரண்டு ஞாயிறுகள்தான் பார்க்கலாம். கடைசித் தேர்வில் தேறினால் நிரந்தர வேலையோடு குடியிருப்பில் வீடும் கிடைக்கும். வீடு இருந்தால் மகளைக் கூட்டி வந்துவிடலாம் என்று நம்பினாள்.

மேசைமேல் வைத்த தகட்டில், கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங் போட இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாள். நிமிர்ந்து நிற்கும் தகட்டில் கீழிருந்து மேலே ஏறவும் பழகிவிட்டாள். தலைக்கு மேலே போடுவதுதான் வசப்படவில்லை. உருகிய இரும்பு சொட்டிச் சட்டைக்குள் இறங்கி, கழுத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டது.

பயிற்சியாளர் கில்ஜே அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, ஒரே எடத்துல நின்னா இரும்பு மேல எப்படி நிக்கும்? கீழதான் குதிக்கும்."

"நகர்ந்தா ஒட்ட மாட்டேங்குதே."

"வோல்டேஜைக் கொஞ்சம் கொறைங்க. வெல்டிங் டார்ச்சைத் தகட்டுக்குக் கிட்ட பிடிச்சு, கொஞ்சமா உருக்கிட்டு நகர்ந்துக்கிட்டே இருங்க."

"உன் கழுத்துல எள்ளு தூவுன மாதிரி இருக்குடி" என்று நான் கும்ஹீயைக் கேலி செய்தேன்.

"செபோம் வந்து எண்ணிப் பாக்கட்டும்" என்றாள்.

நன்றாக வந்த வெல்டிங்கையெல்லாம் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவாள். பதில் வரும்வரை சோற்றில் கை வைக்க மாட்டாள். பெரும்பாலும் ஒரே சொல்தான் வரும்: "சூப்பர்."

கடைசித் தேர்வின் முதல் முறையில், வெல்டிங் தாங்குகிறதா என்று அவள் ஒட்டிய தகட்டை வளைத்துப் பார்த்தபோது விரிசல் விட்டது. நான்கு மாதம் கழித்து மறுபடி தேர்வுக்குப் போனாள். இம்முறை தகடு லாடம்போல் வளைந்தும் எங்கும் பிளக்கவில்லை. வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், ஒரு சின்னக் கட்டிலும் படிக்கிற மேசையும் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் மகளைப் போனில் அழைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான்மா இருக்காங்க. ஸ்கூலை விட்டுட்டு எப்படி வருவேன்? லீவுக்கு வரட்டுமா?"

கும்ஹீ, "வாம்மா. எந்த லீவுன்னாலும் வா" என்றாள்.

கோடை விடுமுறையில் செபோம் ஒன்பது நாள் வந்து தங்கினாள். அம்மா வேலை செய்த கப்பலைத் துறைமுகத்தின் மறுகரையிலிருந்து காட்டினோம்.

"எதும்மா நீ போட்டது?"

"அடிப்பக்கம். தண்ணிக்குள்ள இருக்கு, தெரியாது."

செபோம் திரும்பிப் போன மறுநாள் கும்ஹீ வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். குளிர்கால விடுமுறைக்கு இன்னும் நூற்றுப் பதினாறு நாள் என்று என்னிடம் சொன்னாள்.