ஊசி அறை வாசலில் ஒரு செக்கிங்காரர்

பன்றிக் காய்ச்சல் பரவிய வருடம். எனக்கு ஆறாம் மாதம். காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றார் மாமியார். இருவருக்கும் தலையாட்டிவிட்டு வந்து, வேலம்பாளையத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தேன். என் பெருந்தன்மையைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

பக்கத்தில் இன்னொரு கர்ப்பிணி. பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பிசிறு பார்த்து எடுக்கும் செக்கிங் வேலையாம். கொண்டையில் பஞ்சு, கண்ணுக்குக் கீழே கருவளையம். பேசிக்கொண்டே என் முந்தானையில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறு நூல்களைக் கிள்ளி எடுத்தார்.

“நீங்க போங்க,” என்றேன் அவரிடமும்.

“நீங்கதானுங்க மொதல்ல வந்தீங்க.”

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“ஊசின்னா பயந்தானுங்க. எங்க கம்பெனி லைன்ல மாசமா இருக்கற ஒரு பொண்ணுக்குக் காச்சல் வந்து, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. இப்ப காச்சலுக்கும் பயம். ரெண்டு பயத்தையும் சொமக்கத் தெம்பில்லீங்க. போட்டுக்கிட்டா ஒண்ணாவது கொறையுமில்லீங்க?”

உள்ளே போனார். கையைத் தேய்த்துக்கொண்டே வந்தவர், வீட்டுக்குப் போகாமல் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பையைக் குடுங்க அம்மணி, நான் பாத்துக்கறேன். போயிட்டு வாங்க.”

பையை அவர் மடியில் வைத்தேன். போய்ப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது, என் பையைக் கட்டிப்பிடித்தபடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. வாட்ச்மேன் கதவைச் சாத்த வரும்வரை, பேர்கூடக் கேட்டிராத அவருக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன்.