பூட்டித்தான் இருக்கிறது

எங்கள் தெருப் பூங்காவின் சாவி என்னிடம் வந்து சேர்ந்ததற்கு என் வாய்தான் காரணம்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எனக்கும் என் மனைவிக்கும் மாடியில் ஓர் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே பூங்கா. பூங்கா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், நாலைந்து சிமெண்டு பெஞ்சுகள், ஒரு பக்கச் சங்கிலி அறுந்துபோன ஓர் ஊஞ்சல். மூன்று பக்கம் வெளியிலிருந்து உள்ளே தெரியாதபடி கொடி அடர்ந்த கம்பி வேலி, பின்பக்கம் பழைய கருங்கல் சுவர், தெருப்பக்கம் தகடு அடித்த ஒற்றைக் கதவு இரும்பு கேட். அவ்வளவுதான். நான் இரவு ஷிப்டில் கார் ஓட்டுகிறவன். கம்பெனி ஆட்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, விடிந்த பிறகு வந்து படுப்பேன். ஊருக்குப் பகல் என்றால் எனக்கு இரவு.

பக்கத்துத் தெருவில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்ததும், கூடவே பூங்காவுக்கு ஒரு கமிட்டியும் வந்தது. தலைவர் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. சாதாரணமாகப் பேசினால் தமிழ், கோபம் வந்தால் கன்னடம், ரொம்ப வந்தால் இங்கிலீஷ். முதல் கூட்டத்தில் பூங்காவைப் பாதுகாக்கும் விதிகளைப் படித்தார். புல்லில் உட்காரக் கூடாது. பெஞ்சில் படுக்கக் கூடாது. உள்ளே சாப்பிடக் கூடாது. பந்து கூடாது. காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை கேட் பூட்டியே இருக்க வேண்டும்.

"மத்தியானத்துல கண்டவங்க வந்து படுத்துக்கிறாங்க. பப்ளிக் ப்ராப்பர்ட்டி, பாருங்க. நாமதான் காப்பாத்தணும்" என்றார்.

நான் கடைசி நாற்காலியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். "சார், நான் பகல்ல தூங்குற ஆளு. இனிமே பூங்காவும் பகல்ல தூங்கப் போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"வீடு எதிர்ல. பகல் பூரா வீட்லயே இருக்கீங்க. உங்களை விட்டா யாரு?"

கைதட்டினார்கள். என் ஜோக்குக்குக் கைதட்டல் கிடைத்தது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

'கண்டவங்க' என்று அவர் சொன்னதில் என் அக்காவும் ஒருத்தி என்பது, மறுநாள் பதினொன்றுக்குப் பூட்டைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் உறைத்தது.

அக்கா இருப்பது கோலார் தங்கவயலில். விடிவதற்கு முன் ரயிலேறி வந்து, அந்த அடுக்குமாடியில் காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் ஒரு வீடு வேலை செய்துவிட்டு இரவு ரயிலில் திரும்புவாள். இடையில் மத்தியானம் முழுக்க அவளுக்குப் போக்கிடம் கிடையாது. வேலை முடிந்ததும் மேலே ஒரு நிமிஷம் உட்கார அந்த வீடுகளில் வழக்கமில்லை. என் அறைக்கு வரலாம்தான். ஆனால் மாடிப்படி செங்குத்து, அவளுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, "உன் குறட்டைக்கு நடுவுல எனக்குச் சோறு எறங்காதுடா" என்பாள். ஆகவே அவளும் அவளோடு ரயிலில் வரும் மூன்று பெண்களும் பெரிய மரத்தடியில் டப்பாவைப் பிரித்துச் சாப்பிட்டு, முந்தானையை விரித்துக் காலை நீட்டுவார்கள். அந்தக் கால்நீட்டல் இருந்தால்தான் சாயங்கால வீடு. சாயங்கால வீடு போனால் ரயிலில் வருவதற்கே அர்த்தமில்லை.

"வெளிய வாக்கா. ரூலு" என்றேன்.

"யாரு போட்ட ரூலு?"

"கமிட்டி."

"பூட்றது யாரு?"

நான் பூட்டைப் பார்த்தேன். பூட்டு என்னைப் பார்த்தது. நால்வரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி, "வாட்ச்மேன் சாருக்கு சல்யூட் அடிங்கடி" என்றாள். அக்கா அடித்தாள். அன்றிலிருந்து வேலிக்கு வெளியே நடைபாதையில், நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கால் நீட்ட முடியாது. நீட்டினால் ஸ்கூட்டர் ஏறும்.

சில நாள் கழித்து, நான்கு மணிக்கு கேட்டைத் திறந்தபோது புல்லில் ஒரு மரக்குச்சி நட்டிருந்தது. தலையில் சிவப்புத் துணி. யாரோ விளையாட்டுக்குச் செய்தது என்று நினைத்தேன். மறுநாள் நான்கு மணிக்கு இன்னொன்று. அதற்கடுத்த நாள் பெஞ்சுகளில் ஒன்றைக் காணோம். பிடுங்கிய இடத்தில் மண்ணைச் சமமாகக் கொத்தி, தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள்.

பதினொன்றுக்குப் பூட்டும்போது அந்த பெஞ்சு இருந்தது. நானே பார்த்தேன். பூட்டு உடையவில்லை. சாவி என் தலையணைக்கு அடியில். அப்படியானால் உள்ளே போனது யார்? தூக்கம் கெட்ட மூளைக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது: நான். தூக்கத்தில் எழுந்து நடந்து, சிமெண்டு பெஞ்சைத் தூக்கி எங்கோ வைத்துவிட்டு வந்து படுக்கிறேன். காஸ் சிலிண்டரை நகர்த்தவே பக்கத்துவீட்டுக்காரரைக் கூப்பிடுகிற நான். ஆனாலும் அன்று சாயங்காலம் மறுபடி படுக்கும்முன் ஒரு லுங்கியால் காலைக் கட்டிலோடு கட்டிக்கொண்டேன். மனைவி கார்மெண்ட்ஸ் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. அவிழ்த்துவிட்டாள். சாவியைத் துவரம்பருப்பு டப்பாவில் ஒளித்தேன். அதற்கு மட்டும் கேட்டாள்: "குக்கர்ல போட்டுட்டா மூணு விசில்ல வெந்துடுமா?"

தலைவரிடம் போனேன். வீட்டு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார்.

"ட்ரெய்னேஜ் சர்வேயா இருக்கும். நீங்க பூட்டினீங்கல்ல?"

"பூட்டினேன் சார்."

"அப்புறம் என்ன கவலை?" கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தி, ரொம்ப மெதுவாக, நல்ல தமிழில் சொன்னார்: "சாவி உங்ககிட்டதான் இருக்கு. எல்லாருக்கும் தெரியும். ஏதாவது ஆச்சுன்னா உங்களைத்தான் கேப்பாங்க. அதுக்காகச் சொல்றேன், ஜாக்கிரதை."

கன்னடத்தில் திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

குச்சிகள் கூடின. ஒருநாள் ஜன்னல் வழியாக மேலிருந்து பார்த்தபோதுதான் அவை இரண்டு வரிசையாக நிற்பது தெரிந்தது. பின்சுவரில் தொடங்கி, ஊஞ்சலைத் தாண்டி, பெரிய மரத்தடி வழியாக, நேராக கேட்டுக்கு. மற்ற எதிலும் நான் சுமார்தான், இடைவெளியைக் கண்ணால் அளப்பதில் மட்டும் தப்பு வராது. அதுதான் என் பிழைப்பு. ஒரு பெரிய கார் கண்ணாடியை மடக்காமல் தாராளமாகப் போகும் அகலம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. அதில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த மனைக்குப் போக ஆள் நடக்கிற சந்துதான் உண்டு. கார் போக வழி கிடையாது.

இந்த ஊரில் ரோடு எப்படிப் பிறக்கிறது என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முதலில் குச்சி. அப்புறம் ஜல்லி. அப்புறம் ஒரு வண்டி, 'ரெண்டே நிமிஷம்' என்று வந்து நிற்கும். அது நின்று பழகிவிட்டால், அங்கே பூங்கா இருந்தது என்று சொல்கிறவன்தான் சாட்சி தேட வேண்டும்.

மறுநாள் கேட்டைப் பூட்டிவிட்டுத் தூங்காமல் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் டாங்குக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்தேன். வெயிலுக்குக் குடை. ஆனால் அது என் மனைவியின் குடை, ரோஜா நிறம், ஒளிந்திருப்பவன் பிடிக்கும் குடை அல்ல. வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பின்சுவரில் கருங்கற்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கமாக உள்வாங்கின. ஆள் நுழையும் ஓட்டை. நான்கு பேர் வந்தார்கள். பதுங்கவில்லை, ஓடவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டார்கள். வேலை முடிந்ததும் கற்களை எடுத்த வரிசையிலேயே அடுக்கினார்கள். கடைசியாக இருந்தவன், வெள்ளைச் சட்டைக்காரன், போகும்முன் நிமிர்ந்து நேராக என் குடையைப் பார்த்தான். கையை அசைத்தான்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். நானும் கையை அசைத்தேன்.

சாயங்காலம் வெள்ளைச் சட்டைக்காரன் என் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தான். சிரித்த முகம். "சாவி பத்திரமா இருக்கா, அண்ணா?" என்றான்.

"இருக்குங்க."

"டைம் தப்பாம பூட்டிடுங்க. வெயில்ல மேல உக்காராதீங்க, உடம்புக்கு ஆகாது." போய்விட்டான். அன்று இரவு ஏர்போர்ட் போக வேண்டிய பெண்ணை நேர் எதிர்த்திசையில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பாதி தூரம் கொண்டுபோய்விட்டேன்.

அக்காவிடம் நடைபாதையில் வைத்துச் சொன்னேன். சோற்றைப் பிசைவதை நிறுத்தாமல் கேட்டாள். அவளோடு வரும் பெண்களில் ஒருத்தி, "அந்த வெள்ளைச் சட்டையா?" என்றாள். "பூட்டு போடறதுக்கு முந்தி நம்மகிட்ட வந்து கேட்டானேக்கா. தினமும் வருவீங்களா, எத்தினி மணி வரைக்கும் இருப்பீங்கன்னு."

"ஆமா. நான்கூட, எதுக்குப்பா, பொண்ணு பாக்க வரியான்னு கேட்டேன்" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அந்த மத்தியானங்களில் அங்கே யாராவது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்றால், அது படுத்துக்கிடந்த இந்த நாலு பேர்தான். விதி அவர்களை வெளியே தள்ளியது. தள்ளிய கை என்னுடையது.

"திறந்துவிட்றா" என்றாள் அக்கா.

"திறந்தா என்னைத்தான்க்கா கேப்பாங்க. சாவி என்கிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும்."

"பயமாடா?"

"பயமெல்லாம் இல்ல. வெறும் காய்ச்சல், பேதி, நெஞ்சு படபடப்பு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். முழங்காலைப் பிடித்தபடி கேட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "நம்ம அப்பாவை எடுத்தப்ப வாசல் கேட்டை என்னடா பண்ணாங்க?"

எங்கள் பக்கத்துச் சந்துகளில் வாசல்கள் ஒடுக்கம். கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் வந்தாலும், பாடை போக வேண்டியிருந்தாலும், இரும்பு கேட்டைக் கீலிலிருந்து அப்படியே மேலே தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

"பூட்டைத் தொட வேணாம். அது உன் பொறுப்பு. இந்தப் பக்கத்தைப் புடிங்கடி" என்றாள்.

நான்கு பெண்களும் கீல் பக்கம் பிடித்து மூச்சைக் கட்டித் தூக்கினார்கள். துரு கிறீச்சிட்டது. நான் தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று உதவி செய்தேன். கேட் கழன்று வந்தது. எதிர்ப்பக்கம் பூட்டும் சங்கிலியும் தூணோடு அப்படியே இருக்க, வேலியில் சாய்ந்து நின்றது. அவர்கள் டப்பாக்களோடு உள்ளே போய், குச்சிகளின் இரண்டு வரிசைக்கும் நட்டநடுவில், சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே உட்கார்ந்தார்கள். அக்கா காலை நீட்டினாள். ஒரு குச்சி முதுகுக்குச் சாய்மானமாக உதவியது.

கொஞ்ச நேரத்தில் பின்சுவரில் ஒரு கல் உள்வாங்கியது. ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. "வாப்பா, சாப்ட்டியா?" என்று அக்கா கேட்டாள். கல் திரும்பி வந்து அடைத்துக்கொண்டது.

தலைவருக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டார். இங்கிலீஷில் தொடங்கினார். "ரூல் என்ன? கேட் பூட்டணுமா இல்லையா?"

நான் பூட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். சங்கிலி சலசலத்தது. "பூட்டித்தான் சார் இருக்கு."

அவர் பூட்டைப் பார்த்தார். பக்கத்தில் கதவே இல்லாத அகலமான வாசலைப் பார்த்தார். பிறகு பின்சுவரைப் பார்த்தார், ஏன் அங்கே பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் தமிழில், மெதுவாக, "பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் பதினொன்றுக்கு நான் பூட்டுகிறேன், அவர்கள் கழற்றுகிறார்கள். நான்கு மணிக்கு மாட்டுகிறார்கள், நான் திறக்கிறேன். புதிதாகக் குச்சி எதுவும் வரவில்லை. பழைய குச்சிகளை யாரும் பிடுங்கவும் இல்லை. சுவருக்குப் பின்னால் தூண்கள் மட்டும் வளர்ந்து இரண்டு மாடி உயரத்துக்கு வந்துவிட்டன. பின்பக்கச் சந்தின் முனையில் ஜல்லி லாரி ஒன்று வந்து நிற்கிறது. இன்னும் கொட்டவில்லை.

நேற்று மத்தியானம் சைக்கிளில் பூ விற்கிறவர் அந்த வழியாக வந்தார். வேலியில் சாய்ந்திருக்கும் கேட்டைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார். வாழைமரம் கட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடினார். இல்லை. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும்மா போயிட்டாங்க? மாலை வேணுமா?"

நான் வாயைத் திறந்தேன். முதல்முறையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அக்கா மரத்தையும், சுவரையும், கடைசியில் என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் இல்லப்பா. நாளைக்கும் இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுப் போ."