தாளில் இல்லாத வரி

என் இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு பழைய கார்பன் நகல் இருக்கிறது. ஓரங்கள் பொடிந்துவிட்டன, எழுத்து அழியவில்லை. அதைத் தொட்டாலே கோலார் தங்கவயலின் அந்தக் காலைகள் வந்துவிடும். சுரங்கத்துச் சங்கு ஊதும். ஷிப்ட் முடிந்தவர்கள் டீக்கடையை மொய்ப்பார்கள். கோர்ட்டு வாசல் புங்கமரத்தடியில் நான் மனு அடிக்கும் டைப் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற திமிர் அந்த வயதைவிட மூத்தது.

அங்கேதான் ஊரிகம் கூலிக்காரர் லைன் வீட்டு அக்கா வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த அவர் கணவர், சோற்றுத் தூக்கில் தங்கம் ஓடிய கல்லொன்றை மறைத்துக்கொண்டு மேலே வந்து பிடிபட்டிருந்தார். ஏழு வருடம் ஜெயில். அதே மாதம் அதைவிடப் பெரிய கல்லோடு மாட்டிய ஆங்கிலோ இந்திய போர்மேனுக்கு, கோர்ட்டு கலையும்வரை உட்கார்ந்திருப்பதே தண்டனை. சாயங்காலம் அவர் கிளப்புக்குப் போனதை ஊரே பார்த்தது.

தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு வேண்டும் என்றார் அக்கா. "எங்க வூட்டுக்காரரு செஞ்சது தப்புதான் தம்பி, இல்லன்னு சொல்லல. அந்தத் தொரை எடுத்ததும் கல்லுதானே? செவப்புத் தோலுக்கு ஒரு நாளு, லைன் வூட்டுக் கறுப்புக்கு ஏழு வருசமா? இத்த எழுது, போதும்."

எங்கள் மரத்தடிக்கு ஒரு வழக்கம் உண்டு. மனுவில் கெஞ்சலாம், ஒப்பிடக் கூடாது. 'கருணை கூர்ந்து' என்பதன் இங்கிலீஷ் மூன்று இடத்தில் வரும், துரையின் பேச்சு ஓரிடத்திலும் வராது. வம்பு எதற்கென்று அக்காவின் வரியை விட்டுவிட்டேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அக்கா, தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார். காட்டினேன், தாளில் இல்லாத அந்த வரியையும் சேர்த்து, ஏற்ற இறக்கத்தோடு. அவர் முகம் தெளிந்தது. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வெட்கமில்லாமல் தின்றேன்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. தண்டனையைக் குறைக்கத் தனிக் காரணம் எதுவும் மனுவில் காட்டப்படவில்லை என்று ஒரே வாக்கியம். நான்தான் படித்துச் சொன்னேன். அக்கா அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வரியப் படிச்சுமா தம்பி இப்டி எழுதிட்டாங்க?"

"ஆமாக்கா" என்றேன்.

அவர் கணவர் ஏழு வருடத்தையும் முழுதாகக் கழித்துவிட்டுத்தான் வந்தார். தோலையும் சாதியையும் பார்த்துத் தண்டனை நீளுகிறது என்று இப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் இந்த நகலை விரிக்கிறேன். கெஞ்சல் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. கீழே தமிழில், கோணலாக, அக்காவின் கையெழுத்து. அந்த வரியும் மேலே இருக்கிறது என்று நம்பிப் போட்டது.