கச்சானுக்கு எடு

எங்கள் குடும்பத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறியதில்லை. மீனைக் கூவி விற்கலாம், கருவாடு காயவைக்கலாம், வள்ளம் திரும்பி வராவிட்டால் கரையில் நின்று மாரடிக்கலாம். ஏறினால் மட்டும் கடல் கோபித்துக்கொள்ளுமாம். என்ன கடலோ! மன்னாரில் பிறந்தும் எனக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. யூரோ வந்த புதிதில், புலம்பெயர்ந்து வந்த எசன் நகரத்தில், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்துகொண்டே படித்து, கடலில் படகு ஓட்டும் லைசென்ஸ் எடுத்தேன். கணவரும் நானும் பழைய மோட்டார் படகொன்று வாங்கினோம்.

அடுத்த கோடையில் நாட்டின் வடகோடியிலுள்ள றூகன் தீவின் வடமுனையைச் சுற்றப் புறப்பட்டபோது என் அண்ணையையும் கூப்பிட்டேன். அவர் ஊரில் வள்ளம் ஓட்டியவர். அந்த முனையை நானே சுற்ற வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அவரோ ஒரு நிபந்தனையோடுதான் வந்தார்: பாறைகள் தொடங்குமுன் சுக்கானை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வெளிச்சவீடு தெரிந்ததும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“கொண்டா பிள்ளை.”

“ஏலாது அண்ணை.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. படகின் முன்பக்கம், அணியத்துக்குப் போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். உட்காரட்டும் என்று விட்டேன்.

முனையைச் சுற்றித் தென்மேற்காகத் திரும்பினோம். இடது பக்கம் செங்குத்தான கரை. அலை பக்கவாட்டில் அடித்தது. படம் எடுக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் கிட்டப் போ என்று கணவர் கரைச்சல் கொடுத்தார். கொஞ்சம் கிட்டப் போனேன். அண்ணை துள்ளி எழும்பினார்.

“கச்சான்! கச்சானுக்கு எடு!”

என் கணவர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த காற்று மின்விசிறிக் காற்றுத்தான், அவருக்குத் தெரிந்த கச்சான் வறுத்த கடலைதான். கமராவைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். எங்களுக்கோ கச்சான் என்றால் மேல்காற்று, அது வரும் பக்கம் மேற்கு. யோசிக்க நேரமில்லை. வலது பக்கம், வெளிக்கடலை நோக்கி வெட்டி எடுத்தேன். தண்ணீருக்குள் கார் பருமனில் ஒரு கல், இடது பக்கத்தால் வழுக்கிப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் கடலைப் பையோடு மூச்சு வாங்க வந்து, “இந்தாங்கோ மச்சான்” என்று நீட்டினார்.

அண்ணை பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சுக்கானுக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அவர் வரவில்லை. கச்சானைக் கொறித்துக்கொண்டு அணியத்திலேயே நின்று, குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி கைகாட்டிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய பக்கமெல்லாம் நான் திருப்பினேன்.

கல்லெல்லாம் குறைந்த பிறகு அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. எசனிலிருந்து அண்ணி. கவனமாக ஓட்டச் சொல்லியிருப்பா. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அண்ணை கத்திச் சொன்னார்:

“நான் ஓடேல்லை. தங்கச்சிதான் ஓடுறாள். நான் முன்னுக்கு நிண்டு கல்லுப் பாக்கிறன்.”

எங்கள் ஊரில் முன்னால் நின்று கல்லுப் பார்ப்பது, வள்ளத்தில் ஆகக் கடைசி ஆளின் வேலை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையில்லை, இரண்டும் சுக்கானில் இருந்தன.