காம்பில்லாமல் நான் பறித்த பூக்கள்

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கார்த்திக் கேட்டு ஒரு மாதமாகிறது. கார்த்திக் அக்காவின் ஒரே மகன். உட்கார்ந்து நாலு வரி எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து கிழித்துப் போடுவேன். நல்லதை மட்டும் எழுதிவிட்டு நகர என்னால் முடியவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும்.

அக்கா தாம்பரம் ரயில்வே குடியிருப்பில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை முடித்த கையோடு தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பு அவர் போட்ட பிச்சை. திருமணமாகி இரும்புலியூரில் வீடு கட்டி, மாமாவையும் பறிகொடுத்து, மகனைத் தனியாளாக ஆளாக்கினார். கண்டிப்பானவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார். அதுதான் எங்களுக்கெல்லாம் பயம்.

ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் பூச்செடி வளர்க்க ஆரம்பித்தார். ஜினியா, சம்பங்கி, கோழிக்கொண்டை, நடுவில் மருக்கொழுந்து. தலையில் சூட அல்ல, சாமிக்கும் அல்ல, சாப்பாட்டு மேஜையில் வைக்க! எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத வழக்கம். சாப்பிடுகிற இடத்தில் எதற்குப் பூ என்று கேட்டேன். "சாமிக்கு தினம் வெக்கிறோம், சாப்பிட வர்றவங்களுக்கு வெச்சா என்னடா குறைஞ்சு போயிடும்?" என்றார். விடிந்ததும் நீளத் தண்டோடு கத்திரிக்கோலால் வெட்டுவார். கீழ் இலைகளை உருவிவிட்டு, பக்கெட் தண்ணீரில் கழுத்து வரை முக்கிக் குளியலறையில் வைத்துவிடுவார். பத்து மணி வரை அந்த வீட்டில் யாரும் குளிக்க முடியாது. அப்புறம் பழைய ஊறுகாய் ஜாடியில் அடுக்குவார். கல்யாண மேடைக்காரன் தோற்றான், அப்படியிருக்கும்.

நானும் பூப்பறிக்கிறவன்தான். காலை நடைக்குப் போகும்போது கையில் பையோடு போய், மதில் தாண்டித் தொங்குகிற செம்பருத்தி, நந்தியாவட்டை எதையும் விடாமல் பூஜைக்குப் பறித்து வருவேன். "ஊர்ப் பூ திருடன் வந்துட்டான்" என்றுதான் அக்கா கதவைத் திறப்பார்.

கார்த்திக் பல்லாவரத்துப் பெண் ரெஹானாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அக்கா பேசுவதை நிறுத்தினார். நாலு வருஷம். நடுவில் நான் போகாத தூதில்லை. கடைசியில், இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம், அக்காவே போனை எடுத்து, "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்று சொல்லி உடனே வைத்துவிட்டார். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

அந்த ஞாயிறு காலை, "மேஜைக்குப் பூ வேணும். எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடு. கத்திரிக்கோல் படிக்கிட்ட இருக்கு" என்றார். அவர் வெட்டுவதை எத்தனையோ முறை பார்த்தும் என் கைக்குப் பழகியது கிள்ளுவதுதான். பூப்பறிக்கக் கத்திரிக்கோல் எதற்கு? நான் கூடையை எடுத்துக்கொண்டு போய், ஒரு இதழ் நோகாமல், பூஜைக்குக் கிள்ளுவது போல் அத்தனையையும் கிள்ளிக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினேன்.

அக்கா கூடையைக் கிளறிப் பார்த்தார்.

"காம்பு எங்கடா?"

"காம்பு எதுக்கு? சுத்தமாக் கிள்ளியிருக்கேன் பாரு!"

"அடப்பாவி, தலையை மட்டும் கொண்டு வந்திருக்கியே. இதை எப்படி ஜாடியில நிறுத்துவேன்?"

கடையில் வாங்கி வருகிறேன் என்றேன். "கடையில வாங்கவா மூணு மாசமாத் தண்ணி ஊத்தினேன்? அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேசறதுன்னே தெரியலடா எனக்கு. மேஜையைப் பார்த்தாவது புரிஞ்சுக்கும்னு இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். நான் குறுக்கே நின்றேன். நீ சொல்லு, நான் வெட்டுகிறேன் என்றேன். "எந்தத் தண்டு இன்னும் தேறும்னு உனக்குத் தெரியுமா? தள்ளு" என்றார். அக்கா தள்ளு என்றால் அறுபது வயதிலும் நான் தள்ளித்தான் நிற்பேன். நின்றேன். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கினார். மேலே போனதும், பாதி பூ போன சம்பங்கித் தண்டு, நான் விட்டு வைத்த மொட்டுகள், மருக்கொழுந்து என்று நிதானமாகத் தேர்ந்து வெட்டினார்.

அன்று மேஜை ஒன்றும் பிரமாதமாக இல்லை. ரெஹானா மட்டும் மருக்கொழுந்தை முகர்ந்து பார்த்து, "அத்தை, எல்லாம் நம்ம வீட்டுப் பூவா?" என்றாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுதாம்மா. இன்னும் நல்லா இருந்திருக்கும், உங்க மாமா கைவரிசை" என்றார். எல்லோரும் சிரித்தோம். சாப்பிட்டு முடித்தும் மாலை வரை அவள் கையை அக்கா விடவில்லை.

ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார்.

எப்படியும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு டாக்டரிடமும் போய்க் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். எனக்குப் போதவில்லை. ஒழுங்காகக் காம்போடு வெட்டியிருந்தால் அக்கா படியேறியிருக்க மாட்டார். ஒரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் இதுவரை எழுதியதைக் கார்த்திக்கிடம் கொடுத்தேன். சட்டையைப் பிடிப்பான் என்றே நினைத்தேன். படித்து முடித்துத் தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அப்படியே போடுங்க மாமா. ஒண்ணு மட்டும் சேர்த்துக்குங்க. அன்னிக்கு நாங்க சீக்கிரமே வந்துட்டோம். தெருமுனையில இருந்தே மாடியில அம்மாவப் பார்த்தேன். படி ஏறக் கூடாதுன்னு நீங்க போன்ல சொன்னது ஞாபகம் இருந்துது. நாலு வருஷம் கழிச்சு எங்களுக்காகத்தான் பூ வெட்டறாங்கன்னு புரிஞ்சுது மாமா, பார்த்துட்டே இருக்கணும்னு இருந்துது. கூப்பிட்டா நிறுத்திடுவாங்கன்னு கூப்பிடல. கார்லயே உக்காந்து பார்த்துட்டிருந்தேன்."

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான்.

மருத்துவமனையில் அக்காவோடு முறை வைத்துத் தங்கிய அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த நண்பர்களுக்கும், வெயிலில் வந்து நின்ற இணைப்பகத் தோழியருக்கும், எதுவும் கேட்காமல் எல்லாம் செய்த மருமகள் ரெஹானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்த எங்கள் இரண்டு பேரையும், அக்கா, நீதான் மன்னிக்க வேண்டும்.